இலாப நோக்கற்ற நிறுவனங்களின் கணக்கியல்

இலாப நோக்கற்ற நிறுவனங்களின் கணக்கியல் என்பது அறக்கட்டளைகள், சங்கங்கள், மன்றங்கள், சமய நிறுவனங்கள், தன்னார்வத் தொண்டு நிறுவனங்கள் முதலியன தம் நிதியைத் திட்டமிடவும், பதிவு செய்யவும், கட்டுப்படுத்தவும், அறிக்கையிடவும் கையாளும் முறைகளைக் குறிக்கும். வணிக நிறுவனத்தின் கணக்கு "எவ்வளவு இலாபம் கிடைத்தது?" என்ற வினாவுக்கு விடை தருகிறது. இலாப நோக்கற்ற நிறுவனத்தின் கணக்கு "எந்த நோக்கத்திற்காகத் தரப்பட்ட பணம் அந்த நோக்கத்திற்கே சென்றதா?" என்ற வினாவுக்கு விடை தர வேண்டும். இத்துறையின் தனித்தன்மைகள் பலவும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே தோன்றுகின்றன.

இக்கட்டுரை இத்துறையின் அடிப்படைகளைத் தமிழ்நாட்டின் திருச்சிராப்பள்ளி, திருவரங்கம் ஆகிய இடங்களின் எடுத்துக்காட்டுகளைக் கொண்டு விளக்குகிறது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் அமைந்த தீவான திருவரங்கம் 1994 முதல் திருச்சிராப்பள்ளி மாநகராட்சியின் ஒரு பகுதியாகும். பல நூற்றாண்டுக் கால அறக்கொடைப் பதிவுகளைக் கொண்ட அரங்கநாதசுவாமி கோயிலும், அண்மைக் காலத்தில் சமூகக் கழிப்பிடங்களை நடத்தி வரும் மகளிர் குழுக்களும் இந்நகரிலேயே உள்ளமையால், பழைய முறையையும் புதிய முறையையும் ஒப்பிட்டு நோக்க இயல்கிறது.

வணிகக் கணக்கியலிலிருந்து வேறுபாடு

வணிக நிறுவனத்தில் முதலீடு செய்தவர் தம் பணத்திற்கு ஈடாகப் பங்கையும் இலாபத்தையும் எதிர்பார்க்கிறார். தொண்டு நிறுவனத்திற்குக் கொடை அளித்தவர் அவ்வாறு எதையும் எதிர்பார்ப்பதில்லை. ஆனால் அவர் ஒரு நோக்கத்தைக் கருதியே பணம் தருகிறார். பயனடைபவரோ வேறொருவர். உணவு பெறுபவர் அதற்கான விலையைச் செலுத்துவதில்லை. விலை செலுத்தியவர் அந்த உணவை உண்பதில்லை. சந்தையில் பொருள் சரியில்லை எனில் வாங்குபவர் கடையை மாற்றிக்கொள்வார். தொண்டுப் பணியில் அத்தகைய இயல்பான கட்டுப்பாடு இல்லை. அந்த இடைவெளியை நிரப்பும் பணியைக் கணக்கும் தணிக்கையும் செய்கின்றன.

"இலாப நோக்கற்ற" என்பதற்கு உபரியே இருக்கக்கூடாது என்பது பொருளன்று. ஆண்டு இறுதியில் வருவாய் செலவை விஞ்சலாம். அந்த உபரியை உறுப்பினர்களுக்குப் பங்கிட்டுத் தராமல் நிறுவனத்தின் நோக்கத்திற்கே பயன்படுத்த வேண்டும் என்பதே விதியாகும். உபரியே இல்லாத நிறுவனம் ஒரு நல்கை தாமதமானாலும் ஊதியம் தர இயலாமல் நின்றுவிடக்கூடும்.

வரலாறு: கல்லில் எழுதிய கணக்கு

தமிழகக் கோயில் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை அறக்கொடைகளைப் பதிவு செய்தவை. கொடுத்தவர் யார், கொடுத்தது எவ்வளவு, எதற்காகக் கொடுக்கப்பட்டது, அதனை நிறைவேற்றும் பொறுப்பு யாருடையது என்பன அவற்றில் இடம்பெறுகின்றன. இன்றைய கொடை ஒப்பந்தம் ஒன்றில் காணப்படும் செய்திகளும் ஏறத்தாழ இவையே.

சோழர் காலத்தில் நந்தா விளக்கு எரிப்பதற்காக ஆடுகள் கொடையாக வழங்கப்பட்டன. ஒரு விளக்கிற்கு 90 அல்லது 96 ஆடுகள் என்ற அளவு கல்வெட்டுகளில் பரவலாகக் காணப்படுகிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் 96 ஆடுகளைப் பெற்ற இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டியிருந்தது. இவ்வாடுகள் "சாவா மூவாப் பேராடு" எனப்பட்டன. தனித்தனி ஆடுகள் இறக்கும். எனினும் குட்டிகளைக் கொண்டு மந்தையின் எண்ணிக்கை குறையாமல் காக்கப்பட வேண்டும் என்பது இதன் பொருள். மந்தையிலிருந்து கிடைக்கும் நெய்யைச் செலவிடலாம், மந்தையைச் செலவிடக்கூடாது. இன்றைய கணக்கியலில் மூல நிதி என வழங்கும் கருத்து இதுவேயாகும். மூல நிதியின் வட்டியைப் பணிக்குப் பயன்படுத்தலாம், மூலத்தைத் தொடக்கூடாது.

திருவரங்கம் கோயிலின் கல்வெட்டுகள் தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் 24 ஆம் தொகுதியாக வெளியிடப்பட்டுள்ளன. கொடைகள் வழிபாட்டிற்கு மட்டும் உரியவையாக இருக்கவில்லை. அங்கிருந்த ஆரோக்கியசாலை எனும் மருத்துவ நிலையம் பற்றி 1493 ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று குறிப்பிடுகிறது. அதற்கு அடுத்த ஆண்டில், 1494 இல், இத்தாலியின் வெனிசு நகரில் லூக்கா பசியோலி இரட்டைப் பதிவு முறையை விளக்கும் நூலை அச்சிட்டார் என்பது ஒப்புநோக்கத்தக்கது. பசியோலி எழுதியது வணிகரின் கணக்கைப் பற்றி. கல்வெட்டுகள் பொறித்து வைத்தது கொடையாளரின் கட்டளையை. இன்றைய இலாப நோக்கற்ற நிறுவனத்திற்கு இவ்விரண்டும் தேவைப்படுகின்றன.

வைணவக் கோயில்களின் கல்வெட்டுகள் பல "ஸ்ரீவைஷ்ணவ ரக்ஷை" என்ற தொடருடன் முடிவடைகின்றன. இவ்வறம் அடியார் அனைவரின் காவலில் உள்ளது என்பது அதன் பொருள். கொடை ஆவணம் ஓலைச்சுவடியோடு நின்றுவிடாமல் பலரும் காணும் சுவரில் பொறிக்கப்பட்டமை, கணக்கு வெளிப்படையாக இருத்தல் வேண்டும் என்ற கருத்தின் பழைய வடிவமாகக் கருதத்தக்கது. பணிப் பகிர்வு முறையும் பழமையானது. கோயிலின் வரலாற்றைக் கூறும் கோயிலொழுகு என்னும் நூல், கோயிற் பணியாளரைப் பத்துக் கொத்துகளாக வகுத்த சீர்திருத்தத்தை இராமானுசருக்கு உரியதாகக் குறிப்பிடுகிறது.

நிதியின் வகைகள்

இலாப நோக்கற்ற நிறுவனங்களின் கணக்கியலில் பணத்தை அது கிடைத்த வழியைக் கொண்டும், அதற்கு இடப்பட்ட நிபந்தனையைக் கொண்டும் பிரிப்பர். இம்முறை நிதிவாரிக் கணக்கியல் எனப்படுகிறது. கோயில்களில் பேச்சு வழக்கிலுள்ள மூன்று சொற்கள் இப்பிரிவுகளை எளிதில் விளக்குகின்றன.

பொது நிதி: உண்டியலில் இடப்படும் காணிக்கைக்குக் கொடையாளர் தனி நிபந்தனை எதையும் விதிப்பதில்லை. அதனை நிருவாகம் பொதுத் தேவைகளுக்குப் பயன்படுத்தலாம். தொண்டு நிறுவனத்தின் உறுப்பினர் சந்தாவும் பொது நன்கொடையும் இவ்வகையைச் சேர்ந்தவை.

வரையறுக்கப்பட்ட நிதி: உபயம் என்பது குறிப்பிட்ட ஒரு நாளின் வழிபாடு, ஒரு திருப்பணி போன்றவற்றிற்காக அளிக்கப்படுவது. அந்தப் பணத்தை வேறொன்றிற்குச் செலவிட இயலாது. அரசு, நிறுவனங்கள், வெளிநாட்டு அமைப்புகள் ஆகியவை திட்டத்திற்கென வழங்கும் நல்கைகள் இவ்வகையின.

மூல நிதி: கட்டளை என்பது நிலம் அல்லது வைப்புத் தொகையை நிலையாக ஒப்படைத்து, அதன் வருவாயிலிருந்து ஆண்டுதோறும் குறித்த பணியைச் செய்யுமாறு பணிப்பது. ஆண்டில் ஒரு நாள் அன்னதானம் நடைபெற வைப்புத் தொகை அளித்தல் இதற்கு எடுத்துக்காட்டாகும். திருவரங்கத்தில் நாள் முழுவதும் அன்னதானம் வழங்கும் திட்டம் 2012 இல் தொடங்கப்பட்டது.

பிற நாடுகளிலும் இதே பாகுபாடு உண்டு. பிரித்தானிய அறநிறுவனக் கணக்குகளில் வரையறையற்ற நிதி, வரையறுக்கப்பட்ட நிதி, மூலக்கொடை ஆகியவை தனித்தனியே காட்டப்படுகின்றன. ஐக்கிய அமெரிக்காவில் 2016 இல் வெளியிடப்பட்ட நெறிமுறைத் திருத்தம், முன்பிருந்த மூன்று வகைகளைக் கொடையாளர் நிபந்தனை உள்ளவை, இல்லாதவை என இரண்டாகச் சுருக்கியது.

அடிப்படைக் கணக்குகள்

தமிழ்நாட்டின் மேல்நிலைப் பள்ளிக் கணக்குப்பதிவியல் பாடத்தில் இவ்வமைப்புகளின் கணக்குகள் தனி இயலாகக் கற்பிக்கப்படுகின்றன. ஆண்டு இறுதியில் மூன்று அறிக்கைகள் தயாரிக்கப்படும்.

பெறுதல்கள் மற்றும் செலுத்தல்கள் கணக்கு: ரொக்க ஏட்டின் சுருக்கம். ஆண்டில் கைக்கு வந்த பணமும் கையைவிட்டுச் சென்ற பணமும் மட்டும் இதில் இடம்பெறும். எந்த ஆண்டுக்கு உரியது, எவ்வகையானது என்ற வேறுபாடு இதில் இல்லை.

வருவாய் மற்றும் செலவினக் கணக்கு: வணிக நிறுவனத்தின் இலாப நட்டக் கணக்கிற்கு ஒப்பானது. நடப்பு ஆண்டுக்கு உரிய வருவாயினங்கள் மட்டும் சேர்க்கப்படும். இதன் முடிவு உபரி அல்லது பற்றாக்குறை எனப்படும்.

இருப்புநிலைக் குறிப்பு: ஆண்டின் இறுதி நாளில் நிறுவனத்திற்குச் சொந்தமானவற்றையும் அது பிறருக்குத் தர வேண்டியவற்றையும் காட்டுவது. செலவிடப்படாத திட்ட நல்கை பொறுப்புகள் பக்கத்தில் இடம்பெறும். பணம் வங்கியில் இருந்தாலும், குறித்த பணி முடியும் வரை அது நிறைவேறாத வாக்குறுதியே ஆகும்.

எடுத்துக்காட்டுக் கணக்கு

இவ்வறிக்கைகளின் வேறுபாட்டை ஒரு கற்பனைச் சங்கத்தின் கணக்கைக் கொண்டு அறியலாம். இச்சங்கம் மாணவர்களுக்கு மாலை நேர வகுப்புகளை நடத்துகிறது எனக் கொள்க. அதன் ஓராண்டுப் பெறுதல்களும் செலுத்தல்களும் பின்வருமாறு.

பெறுதல்கள்:
தொடக்க இருப்பு – 40,000 ரூபாய்
உறுப்பினர் சந்தா – 60,000 ரூபாய் (இதில் 10,000 ரூபாய் அடுத்த ஆண்டுக்கு உரியது)
பொது நன்கொடை – 1,50,000 ரூபாய்
பாடநூல் வழங்கும் திட்டத்திற்கான நல்கை – 3,00,000 ரூபாய்
மூல நிதிக் கொடை – 2,00,000 ரூபாய்
மொத்தம் – 7,50,000 ரூபாய்

செலுத்தல்கள்:
ஆசிரியர் மதிப்பூதியம் – 1,80,000 ரூபாய்
வாடகை, மின்கட்டணம் – 36,000 ரூபாய்
மாணவர்களுக்கு வழங்கிய பாடநூல்கள் – 1,20,000 ரூபாய்
கணினி – 50,000 ரூபாய்
மூல நிதிக்கான நிலை வைப்பு – 2,00,000 ரூபாய்
மொத்தம் – 5,86,000 ரூபாய்

இறுதி இருப்பு 1,64,000 ரூபாய். தொடக்கத்தில் 40,000 ரூபாயாக இருந்த இருப்பு நான்கு மடங்காகப் பெருகியுள்ளது. இதை மட்டும் காணும் செயற்குழு, சங்கம் செழிப்பாக உள்ளது எனக் கருதக்கூடும்.

வருவாய் மற்றும் செலவினக் கணக்கோ வேறொன்றைக் காட்டுகிறது. இவ்வாண்டுக்குரிய சந்தா 50,000, பொது நன்கொடை 1,50,000, நல்கையில் செலவான அளவு 1,20,000 ஆக வருவாய் 3,20,000 ரூபாய். மதிப்பூதியம் 1,80,000, வாடகை முதலியன 36,000, பாடநூல்கள் 1,20,000, கணினியின் பயன்காலம் ஐந்து ஆண்டுகள் எனக் கொண்டால் தேய்மானம் 10,000 ஆகச் செலவு 3,46,000 ரூபாய். எனவே சங்கம் 26,000 ரூபாய் பற்றாக்குறையில் உள்ளது.

இருப்புநிலைக் குறிப்பு இம்முடிவைச் சரிபார்க்கிறது. சொத்துகளாக ரொக்கமும் வங்கி இருப்பும் 1,64,000, நிலை வைப்பு 2,00,000, கணினி 40,000 என மொத்தம் 4,04,000 ரூபாய். மறுபக்கத்தில் மூல நிதி 2,00,000, செலவிடப்படாத நல்கை 1,80,000, முன்கூட்டிப் பெற்ற சந்தா 10,000, பொது நிதி 14,000 (தொடக்கத்தில் இருந்த 40,000 ரூபாயிலிருந்து பற்றாக்குறை 26,000 ரூபாயைக் கழித்தது) என அதே 4,04,000 ரூபாய்.

இதில் மேலும் ஒரு செய்தி மறைந்துள்ளது. பாடநூல் திட்டத்தில் செலவிட வேண்டியது 1,80,000 ரூபாய். வங்கியிலும் கையிலும் உள்ளது 1,64,000 ரூபாய் மட்டுமே. அதாவது பாடநூல்களுக்காக வந்த பணத்தில் 16,000 ரூபாய் பொதுச் செலவிற்குச் சென்றுவிட்டது. ஒருவரும் திருடவில்லை, ஒவ்வொரு செலவும் உண்மையானதே, சான்றுச் சீட்டுகளும் உள்ளன. ஆயினும் கொடையாளரின் நிபந்தனை மீறப்பட்டுள்ளது. பொது நிதிக்கும் திட்ட நிதிக்கும் பேரேட்டில் தனித்தனிக் கணக்குகள் இருந்திருந்தால், கணினி வாங்கும் முன்னரே இது தெரிந்திருக்கும். தொண்டு நிறுவனங்கள் பல இடருக்குள்ளாவது இவ்வாறே ஆகும். முதல் ஆண்டில் அறியாமல் நிகழும் இக்கடன், அடுத்த நல்கை வந்தவுடன் பழையதை அடைக்கும் வழக்கமாக மாறுகிறது. புதிய நல்கைகள் நின்றுபோகும் ஆண்டில் முழுத் தொகையும் ஒருசேர வெளிப்படுகிறது.

திருச்சிராப்பள்ளியின் சமூகக் கழிப்பிடங்கள்

கணக்கியல் என்பது பட்டம் பெற்றவர்களுக்கு மட்டும் உரியதன்று என்பதற்குத் திருச்சிராப்பள்ளி நகரின் சமூகக் கழிப்பிடங்கள் சான்றாகும். குடிசைப் பகுதிகளில் மாநகராட்சி கட்டியிருந்த பொதுக் கழிப்பிடங்கள் பல பராமரிப்பின்றிப் பயனற்றுக் கிடந்தன. 2000 ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் கிராமாலயா, ஸ்கோப், சர்வீஸ் ஆகிய தொண்டு நிறுவனங்கள் வாட்டர்எய்டு அமைப்பின் உதவியுடனும் மாநகராட்சியின் ஒத்துழைப்புடனும் அவற்றைச் சீரமைத்து, அப்பகுதி மகளிர் குழுக்களிடம் நடத்தும் பொறுப்பை ஒப்படைத்தன. துப்புரவு, சுகாதாரக் கல்வி ஆகியவற்றின் ஆங்கில முதலெழுத்துகளைக் கொண்டு இவை "ஷீ" குழுக்கள் எனப்பட்டன. நகரின் கல்மந்தைப் பகுதி 2002 இல் திறந்தவெளியில் மலம் கழித்தல் ஒழிந்த குடிசைப் பகுதியாக அறிவிக்கப்பட்டது.

தொடக்க ஆண்டுகளில் ஒரு முறை பயன்படுத்த 50 காசு போன்ற மிகச் சிறு கட்டணமே பெறப்பட்டது. குழு உறுப்பினர்கள் முறை வைத்து அமர்ந்து கட்டணம் பெற்று, வரவு செலவை எழுதி, மிகுதியை வங்கியில் இட்டனர். துப்புரவுப் பணியாளரின் ஊதியம், தூய்மைப் பொருள்கள், சிறு பழுதுகள் ஆகியவை இவ்வருவாயிலிருந்தே ஈடு செய்யப்பட்டன. மிகுதியான தொகை அப்பகுதியின் பொதுத் தேவைகளுக்கும் பயன்பட்டது.

இச்சிறு கணக்கில் நிதி மேலாண்மையின் முதன்மையான கூறுகள் அனைத்தையும் காணலாம். கட்டிடம் முதலினச் செலவு. அது வெளியிலிருந்து வந்தது. அன்றாடத் தூய்மை வருவாயினச் செலவு. அதைக் கட்டணம் ஈடு செய்ய வேண்டும். மின்னேற்றி பழுதடைவதும் கழிவுத்தொட்டி நிரம்புவதும் அரிதாக நேர்பவை. ஆனால் நேரும்போது பெருஞ்செலவு வைப்பவை. எனவே நாள்தோறும் மிஞ்சுவதில் ஒரு பகுதியை ஒதுக்கு நிதியாகச் சேர்க்க வேண்டும். இத்தகைய இடங்களில் கட்டணத்திற்கு வில்லை கொடுக்கும் முறை இருந்தால், வழங்கிய வில்லைகளின் எண்ணிக்கையைக் கட்டணத்தால் பெருக்கி அன்றைய ரொக்கத்தைச் சரிபார்க்கலாம். கணக்குத் தவறினால் கழிப்பிடம் பூட்டப்படும். பூட்டப்பட்டால் பெண்கள் மீண்டும் இருட்டில் திறந்தவெளியைத் தேடிச் செல்ல நேரிடும். அக்குழுக்கள் கணக்கு எழுதக் கற்றுக்கொண்டதன் பயன் இதுவே.

கட்டணம் எப்போதும் வரவாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலுள்ள முசிறியில் ஸ்கோப் நிறுவனம் அமைத்த சூழலியல் கழிப்பிடத்தில், கழிவு உரமாகப் பயன்பட்டமையால், பயன்படுத்துவோருக்கே சிறு தொகை வழங்கப்பட்டது. அங்கு அது செலவினப் பக்கத்தில் எழுதப்படும். ஸ்கோப் நிறுவனர் மராச்சி சுப்புராமன் 2021 இலும், கிராமாலயா நிறுவனர் எஸ். தாமோதரன் 2022 இலும் சமூகப் பணிக்காகப் பத்மசிறீ விருது பெற்றனர்.

அகக் கட்டுப்பாடு

பணம் பெறுதல், பதிவு செய்தல், செலவை ஒப்புதல் ஆகிய மூன்றையும் ஒருவரே செய்யக்கூடாது என்பது அகக் கட்டுப்பாட்டின் முதல் விதியாகும். இது ஒருவரை ஐயுறுவதற்காக ஏற்பட்டதன்று. நேர்மையானவர் மீது வீண்பழி விழாமல் காக்கவும் இதுவே வழி. கோயில் உண்டியல்கள் அலுவலர், பணியாளர், தன்னார்வலர் எனப் பலர் முன்னிலையில் திறந்து எண்ணப்படுவது இவ்விதியின் நடைமுறை வடிவமாகும்.

சிறு நிறுவனங்களுக்கு இன்றியமையாத நடைமுறைகள் வருமாறு:

- வரிசை எண் இடப்பட்ட பற்றுச்சீட்டு இன்றிப் பணம் பெறாதிருத்தல்.
- பெற்ற பணத்தை நேரடியாகச் செலவிடாமல் முதலில் வங்கியில் செலுத்துதல்.
- காசோலையில் செயலாளர், பொருளாளர் என இருவர் கையொப்பமிடுதல். இணையவழிச் செலுத்தலுக்கும் இருவர் ஒப்புதல் பெறுதல்.
- ஒவ்வொரு செலவுக்கும் சான்றுச் சீட்டு வைத்து, அதில் எந்த நிதியைச் சேர்ந்தது எனக் குறித்தல்.
- சில்லறைச் செலவுகளுக்கு உச்சவரம்புடன் கூடிய சில்லறை ரொக்க ஏடு பேணுதல்.
- மாதந்தோறும் வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் தயாரித்தல்.
- அரிசி, எண்ணெய், துணி முதலிய பொருட்கொடைகளை இருப்புப் பதிவேட்டில் எழுதுதல்.

இவற்றுள் கடைசியாகக் கூறப்பட்டது பெரும்பாலும் புறக்கணிக்கப்படுவது. பணத்திற்குக் கணக்கு வைக்கும் அன்னதான அமைப்பு அரிசி மூட்டைகளுக்குக் கணக்கு வைக்கவில்லை எனில், ஒரு வேளை உணவின் உண்மையான அடக்கத்தை அதனால் கூற இயலாது.

வரவு செலவுத் திட்டமும் மேல்செலவும்

வரவு செலவுத் திட்டம் என்பது நிறுவனத்தின் ஓராண்டுப் பணித்திட்டத்தைப் பணத்தின் மொழியில் எழுதுவதாகும். மொத்தத் தொகையோடு மாதவாரிப் பணப் பாய்வையும் மதிப்பிட வேண்டும். நல்கைகள் பெரும்பாலும் தவணைகளாக, முந்தைய தவணைக்கான பயன்பாட்டுச் சான்றிதழ் அளித்த பின்னரே வருகின்றன. ஊதியமோ மாதந்தோறும் தர வேண்டியது.

வாடகை, கணக்காளர் ஊதியம், தணிக்கைக் கட்டணம் போன்ற மேல்செலவுகளைக் கொடையாளர்கள் விரும்புவதில்லை. இதனால் சில நிறுவனங்கள் அவற்றைத் திட்ட மதிப்பீட்டில் காட்டாமல் விட்டுவிடுகின்றன. மேற்கண்ட எடுத்துக்காட்டில் பாடநூல் திட்டத்திற்கு உரிய இடமும் பணியாளர் நேரமும் பொது நிதியிலிருந்தே சென்றன. திட்டத்திற்குரிய பங்கை மதிப்பீட்டிலேயே கேட்டுப் பெறுவது நேர்மையான முறை. பின்னர் சொல்லாமல் எடுப்பது நிபந்தனை மீறல்.

கணக்காண்டு

இந்தியாவில் சங்கங்களும் அறக்கட்டளைகளும் வருமான வரிக்காக ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரையிலான நிதியாண்டைப் பின்பற்றுகின்றன. ஆனால் தமிழ்நாடு இந்து சமய அறநிலையத் துறையின் கீழுள்ள கோயில்கள் சூலை 1 முதல் சூன் 30 வரையிலான பசலி ஆண்டைப் பின்பற்றுகின்றன. எடுத்துக்காட்டாக, 2023 சூலை முதல் 2024 சூன் வரை பசலி 1433 ஆகும். முகலாயர் கால நிலவரி அறுவடைக் கணக்கிலிருந்து தோன்றியது இம்முறை. எனவே திருவரங்கத்தில் ஒரே தெருவிலுள்ள கோயில் அலுவலகமும் தனியார் அறக்கட்டளையும் வெவ்வேறு நாட்களில் ஆண்டுக் கணக்கை முடிக்கின்றன. இரண்டின் அறிக்கைகளையும் ஒப்பிடுவோர் இதைக் கருத்திற்கொள்ள வேண்டும்.

சட்டங்கள்

தமிழ்நாட்டில் இலாப நோக்கற்ற நிறுவனம் பொதுவாக மூன்று வடிவங்களுள் ஒன்றைப் பெறுகிறது. அவை தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975 இன் கீழான சங்கம். ஆவணம் பதிவு செய்து நிறுவப்படும் பொது அறக்கட்டளை. நிறுவனங்கள் சட்டம், 2013 இன் 8 ஆம் பிரிவின் கீழான நிறுமம் என்பன. இந்து சமயக் கோயில்களுக்குத் தமிழ்நாடு இந்து சமய மற்றும் அறநிலையக் கொடைகள் சட்டம், 1959 பொருந்தும். கட்டளைகளை நோக்கம் குறித்த தனிக் கொடைகளாக இச்சட்டம் ஏற்கிறது.

வருமான வரி விலக்குப் பெறப் பதிவு பெற்ற நிறுவனம் தன் ஆண்டு வருமானத்தில் குறைந்தது 85 விழுக்காட்டை நோக்கத்திற்குச் செலவிட வேண்டும். இயலாதபோது, காரணத்தை முறைப்படி தெரிவித்து அதிகபட்சம் ஐந்து ஆண்டுகளுக்குச் சேமித்து வைக்கலாம். மூல நிதிக்கென அளிக்கப்படும் கொடை, அவ்வாறு கொடையாளர் குறிப்பிட்டுப் பணித்திருந்தால் மட்டுமே மூல நிதியாகக் கருதப்படும். 1961 ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்திற்கு மாற்றாக 2025 இல் இயற்றப்பட்ட சட்டம் 2026 ஏப்ரல் 1 ஐத் தொடக்க நாளாகக் கொண்டது. அதில் பிரிவு எண்கள் மாறினாலும் 85 விழுக்காட்டு விதி தொடர்கிறது.

வெளிநாட்டு நிதி பெறுவோர் வெளிநாட்டுப் பங்களிப்பு (ஒழுங்குமுறை) சட்டம், 2010 இன் கீழ்ப் பதிவு பெற்று, அந்நிதிக்குத் தனிக் கணக்குப் பேண வேண்டும். 2020 இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, இந்நிதி பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையிலுள்ள கணக்கு வழியாகவே வர வேண்டும். நிருவாகச் செலவின் உச்சவரம்பு 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. பெற்ற நிதியை மற்றொரு நிறுவனத்திற்கு மாற்றித் தருவது தடை செய்யப்பட்டது.

தணிக்கையும் வெளிப்படைத்தன்மையும்

ஆண்டுக் கணக்குகளைப் பட்டயக் கணக்கர் ஒருவர் தணிக்கை செய்து அறிக்கை அளிப்பார். தணிக்கையாளர் ஒவ்வொரு சீட்டையும் பார்ப்பதில்லை. மாதிரிகளைத் தேர்ந்து சோதிக்கிறார். எனவே தணிக்கை அறிக்கை மட்டும் நேர்மைக்கு முழு உறுதியாகாது. செயற்குழு உறுப்பினர்கள் ஆண்டு முழுவதும் கேட்கும் எளிய வினாக்களும் அதற்கு இணையான மதிப்புடையவை. வங்கி இருப்பில் எவ்வளவு பிறருக்குரியது, புதிய நல்கை வராவிட்டால் எத்தனை மாதம் தாங்கும், திட்டமிட்டதற்கும் செலவானதற்கும் ஏன் வேறுபாடு என்பன அத்தகைய வினாக்கள்.

கணக்கு அறிக்கை கொடையாளருக்கும் அரசுக்கும் மட்டும் உரியதன்று. பயனடையும் மக்கள் புரிந்துகொள்ளும் மொழியில் வரவு செலவுச் சுருக்கத்தைத் தகவல் பலகையில் எழுதி வைப்பது சிறந்த நடைமுறையாகும்.

கற்றல்

இத்துறையைக் கற்க விரும்பும் மாணவர்களுக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூலின் தமிழ்க் கலைச்சொற்கள் நல்ல தொடக்கமாகும். திருச்சிராப்பள்ளியில், 1844 இல் நாகப்பட்டினத்தில் தொடங்கப்பட்டுப் பின்னர் இந்நகருக்கு மாற்றப்பட்ட புனித வளனார் கல்லூரி, 1919 இல் தொடங்கப்பட்ட தேசியக் கல்லூரி, 1951 இல் தொடங்கப்பட்ட ஜமால் முகமது கல்லூரி முதலியவற்றில் வணிகவியல் கற்பிக்கப்படுகிறது. பிசப் ஈபர் கல்லூரியில் சமூகப்பணித் துறை உள்ளது. இவை 1982 இல் நிறுவப்பட்ட பாரதிதாசன் பல்கலைக்கழகத்துடன் இணைந்தவை. இந்தியப் பட்டயக் கணக்கறிஞர் நிறுவனத்தின் கிளையும் நகரில் இயங்குகிறது; அந்நிறுவனம் இலாப நோக்கற்ற அமைப்புகளின் கணக்கியலுக்கெனத் தொழில்நுட்ப வழிகாட்டி வெளியிட்டுள்ளது.

வணிகவியல் மாணவர் பதிவு முறையை அறிந்திருப்பார்; கொடையின் நிபந்தனையைப் படிக்கப் பழக வேண்டும். சமூகப்பணி மாணவர் நோக்கத்தை அறிந்திருப்பார். பேரேட்டைப் படிக்கப் பழக வேண்டும். தம் பகுதியிலுள்ள சங்கம் ஒன்றின் தணிக்கை செய்யப்பட்ட ஆண்டறிக்கையைப் பெற்று, வங்கி இருப்பிலிருந்து செலவிடப்படாத நல்கைகளையும் முன்கூட்டிப் பெற்ற தொகைகளையும் கழித்துப் பார்ப்பது இருவருக்கும் ஏற்ற முதற் பயிற்சியாகும். மூல நிதி வைப்பு வங்கி இருப்பில் சேர்ந்திருந்தால் அதனையும் கழிக்க வேண்டும். மீதியாக வரும் தொகையே அச்சங்கம் தன் விருப்பப்படி செலவிடக்கூடிய உண்மையான இருப்பு ஆகும்.